ஸ்பீடு போஸ்ட் கட்டணம் ஏறிடுச்சு... ஆண்டிமடத்திலிருந்து அரை கிலோ முந்திரி அனுப்ப எது கட்டுப்படியாகும்?

ஸ்பீடு போஸ்ட் கட்டணம் 2025 அக்டோபர் 1 முதல் மாறிவிட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பு, செப்டம்பர் 1-ல், பதிவுத் தபால் தனிச் சேவையாக இருந்தது முடிவுக்கு வந்து ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டது. இந்த இரண்டு மாற்றமும் சேர்ந்து, வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் ஆர்டர் எடுத்து வீட்டிலிருந்தே பொருள் அனுப்பும் சின்ன வியாபாரிகளைக் கணக்குப் போட வைத்திருக்கின்றன. ஒரு பாக்கெட்டுக்கு 50, 60 ரூபாய் லாபம் வைத்து விற்பவருக்கு, அனுப்பும் செலவு 20 ரூபாய் ஏறினால் அது சின்ன விஷயம் இல்லை.

அரியலூர் மாவட்டம் ஆண்டிமடத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். முந்திரி என்றால் எல்லோரும் பண்ருட்டி என்பார்கள். ஆனால் ஆண்டிமடம், செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கத்துச் செம்மண் காடுகளிலும் முந்திரிதான். இங்கிருந்து அரை கிலோ பாக்கெட் போட்டுச் சென்னைக்கும் கோவைக்கும் மும்பைக்கும் அனுப்பும் ஒருவருக்கு இப்போது எது மலிவு? தபாலா, கூரியரா, பஸ் பார்சலா?

என்ன மாறியது?

உள்நாட்டு ஸ்பீடு போஸ்ட் கட்டணம் கடைசியாக மாறியது 2012 அக்டோபரில். அதன் பிறகு 13 வருஷம் கழித்து இப்போதுதான் கை வைத்திருக்கிறார்கள். புதிய அட்டவணைப்படி 50 கிராம் வரை, உள்ளூர் என்றால் 19 ரூபாய், வெளியூர் எங்கே போனாலும் 47 ரூபாய். 51 முதல் 250 கிராம் வரை உள்ளூருக்கு 24, 200 கிலோமீட்டர் வரை 59, அதற்கு மேல் 500 கிலோமீட்டர் வரை 63, 1,000 வரை 68, 2,000 வரை 72, அதையும் தாண்டினால் 77 ரூபாய். 251 முதல் 500 கிராம் வரை இதே வரிசையில் 28, 70, 75, 82, 86, 93 ரூபாய். எல்லாவற்றுக்கும் மேலே 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதாவது 75 ரூபாய் என்று படித்துவிட்டுப் போனால் கவுன்ட்டரில் 88 ரூபாய் 50 காசு கேட்பார்கள்.

பழைய பதிவுத் தபாலின் சிறப்பு, முகவரியில் பெயர் உள்ளவர் கையில் மட்டும் கொடுப்பது. அந்த வசதி போய்விடவில்லை. ஸ்பீடு போஸ்ட்டோடு 5 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் ‘பதிவு’ வசதி கிடைக்கும். ஓடிபி சொன்னால்தான் பொருளைக் கொடுக்கும் வசதிக்கும் தனியாக 5 ரூபாய். ஜிஎஸ்டி சேர்த்தால் ஒவ்வொன்றும் 5 ரூபாய் 90 காசு. அரை கிலோ முந்திரிக்கு இரண்டுமே தேவையில்லை. சில ஆயிரம் ரூபாய் பட்டுச் சேலை அனுப்புகிறவர் ஓடிபி-யை யோசிக்காமல் போட்டுவிடலாம். ‘எனக்கு வரவே இல்லைங்க’ என்ற ஒரு தகராறை அந்த 5.90 தடுத்துவிடும்.

யாருக்கு அடி, யாருக்கு இல்லை?

‘தபால் கட்டணம் உயர்வு’ என்று ஒரே வரியில் செய்தி வந்தாலும், உயர்வு எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. இதைப் பலர் கவனிக்கவில்லை.

பழைய அட்டவணையில் 51 முதல் 200 கிராம் வரை, 200 கிலோமீட்டருக்குள் 35 ரூபாய். இப்போது 59. அதே எடையை 300 கிலோமீட்டர் தூரத்துக்கு அனுப்ப 40 ரூபாய் இருந்தது, இப்போது 63. கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. ஆனால் 2,000 கிலோமீட்டரைத் தாண்டி டெல்லிக்கு அனுப்பினால் 70 ரூபாய் இருந்தது 77 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் வேடிக்கை, 201 முதல் 250 கிராம் வரை எடையுள்ளதை 1,000 முதல் 2,000 கிலோமீட்டர் தூரத்துக்கு அனுப்ப முன்பு 80 ரூபாய். இப்போது 72. குறைந்திருக்கிறது!

ஆக, எடை குறைந்த கவர், பக்கத்து மாவட்டம் என்று அனுப்புபவருக்குத்தான் பெரிய அடி. ஆண்டிமடத்திலிருந்து திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் கடலூருக்கும் அனுப்புகிறவர் அதிகமாகக் கொடுக்க வேண்டும். மும்பைக்கு அனுப்புகிறவருக்குப் பெரிதாக வலிக்காது. தமிழ்நாட்டுக்குள்ளேயே வாடிக்கையாளர்களை வைத்திருப்பவர் மாற்று வழி தேடுவதில் நியாயம் இருக்கிறது.

அந்த அட்டவணை பார்சலுக்கு இல்லை!

இங்கேதான் முக்கியமான ஒரு சிக்கல். மேலே சொன்ன விலைப் பட்டியல், அறிவிப்பின்படி ‘ஸ்பீடு போஸ்ட் டாக்குமென்ட்’ பிரிவுக்கானது. அதாவது கடிதம், ஆவணம், காகித வகைகள். முந்திரி, சேலை, சோப்பு, பொம்மை எல்லாம் பொருள். பொருள் என்றால் பார்சல் பிரிவு. அதற்குக் கட்டணம் தனி. எனவே அந்தப் பட்டியலை மட்டும் பார்த்து, ‘டெலிவரி சார்ஜ் 90 ரூபாய்’ என்று வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பார்சலிலும் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று ஸ்பீடு போஸ்ட் பார்சல், வேகமாகப் போவது. இன்னொன்று இந்தியா போஸ்ட் பார்சல், தரைவழியில் கொஞ்சம் மெதுவாகப் போவது. கவுன்ட்டரில் ‘பார்சல் அனுப்பணும்’ என்று மட்டும் சொன்னால், வேகமான வழியில் பதிவாகிவிட வாய்ப்பு உண்டு. ‘மெதுவா போற பார்சல்ல எவ்ளோ, ஸ்பீடு போஸ்ட் பார்சல்ல எவ்ளோ’ என்று இரண்டையும் கேட்டு வாங்குங்கள். முந்திரி நாலு நாள் கூடுதலாகப் போனால் கெட்டுவிடாது. அதிரசம் என்றால் வேறு கதை.

வீட்டிலிருந்தே பார்க்க, தபால் துறை இணையதளத்தில் கட்டணம் கணக்கிடும் பக்கம் இருக்கிறது. அனுப்பும் இடம், போய்ச்சேரும் இடம் இரண்டின் பின்கோடும், எடையும் கொடுத்தால் தொகை வந்துவிடும். ஆண்டிமடத்துக்கு 621801. பிரிவு கேட்கும் இடத்தில் டாக்குமென்ட் என்று விட்டுவிடாமல் பார்சல் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். உங்களுக்கு அடிக்கடி ஆர்டர் வரும் ஐந்தாறு ஊர்களின் பின்கோடைப் போட்டுப் பார்த்து, அந்தத் தொகைகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் தினமும் தேட வேண்டாம்.

அரை கிலோ என்பது அரை கிலோ இல்லை

கட்டணம் எப்போதும் படிக்கட்டு மாதிரி ஏறும். 500 கிராம் வரை ஒரு தொகை, 501 ஆனால் அடுத்த படி. அரை கிலோ முந்திரியைக் கவரில் போட்டு, காற்றுப்புகாமல் ஒட்டி, அட்டைப்பெட்டியில் வைத்து, டேப் சுற்றினால் 560, 600 கிராம் வந்துவிடும். அந்த 60 கிராமுக்காக அடுத்த அரை கிலோவுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறீர்கள்.

இதற்கு வழி பாக்கெட்டின் அளவை மாற்றுவது. 400 கிராம் பாக்கெட் போட்டால் பெட்டியோடு சேர்த்து 500-க்குள் அடங்கும். அல்லது, ஒரு கிலோ படியை நிரப்பும்படி 900 கிராம் வரை ஒரே பெட்டியில் போகும் மாதிரி கோம்போ வைக்கலாம். முழுப் பருப்பு 400, உடைத்த பருப்பு 400 என்று. கவரில் எடையைச் சரியாக அச்சிட வேண்டும், அதில் விளையாட்டு கூடாது. தராசு இல்லாமல் இந்த வியாபாரம் வேண்டாம் என்றே சொல்லலாம். சமையலறை டிஜிட்டல் தராசு போதும்.

அடுத்தது பெட்டியின் அளவு. கூரியர் கம்பெனிகள் உண்மையான எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாக மாற்றிப் பார்க்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பரவலான கணக்கு. வருகிற எண்தான் ‘கன அளவு எடை’. உண்மை எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில்.

30 செ.மீ. நீளம், 20 அகலம், 15 உயரம் உள்ள பழைய பெட்டி ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது, அதிலேயே அனுப்பிடலாம் என்று நினைத்தால், பெருக்கினால் 9,000. ஐயாயிரத்தால் வகுத்தால் 1.8. உள்ளே இருப்பது அரை கிலோ முந்திரி, பில் வருவது இரண்டு கிலோவுக்கு. அதே முந்திரியை 20, 15, 6 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்தால் 0.36 கிலோதான் வரும், உண்மை எடையே பில்லாகும். ‘ஓசிப் பெட்டி’ சில நேரம் நூறு ரூபாய்ப் பெட்டியாகிவிடும். உடையாத பொருளுக்குப் பெட்டியே வேண்டாம், கெட்டியான கூரியர் கவர் போதும்.

தனியார் கூரியர் எப்போது லாபம்?

தமிழ்நாட்டுக்குள், நகரத்திலிருந்து நகரத்துக்கு என்றால் எஸ்.டி. கூரியர், புரொஃபஷனல் கூரியர் போன்றவை தபாலோடு நேரடியாகப் போட்டி போடும். இவற்றில் பெரும்பாலும் கிளைகளை ஏஜென்ட்டுகள் நடத்துவதால், விலை கல்லில் செதுக்கியது இல்லை. ‘மாசம் 60, 70 பார்சல் தர்றேன், கிலோவுக்கு என்ன போடுவீங்க’ என்று கேட்டால் இறங்கி வருவார்கள். ஒருவர் மட்டும் கேட்பதைவிட, ஊரில் முந்திரி, சேலை, மசாலா விற்கும் நாலு பேர் சேர்ந்து ஒரே ஏஜென்ட்டிடம் பேசினால் இன்னும் நல்லது. ஆனால் கேட்கும்போதே, சொல்லும் விலையில் எரிபொருள் சர்சார்ஜும் ஜிஎஸ்டியும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் பில்லில் முளைக்கும் வரிகள் அவைதான்.

கூரியரின் பலவீனம் கிராமம். டவுனுக்குள் வீட்டு வாசலில் கொடுப்பார்கள். ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி உள்ள ஊர் என்றால், ‘ஆபீஸ்ல வந்து வாங்கிக்கோங்க’ என்று போன் வரும், இல்லையென்றால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். வாங்கியவர் கோபம் கூரியர் மேல் வராது, உங்கள் மேல்தான் வரும். இந்தியாவில் தபால் நிலையங்கள் 1 லட்சத்து 64 ஆயிரத்துக்கும் மேல். அதில் பெரும்பகுதி கிராமத்தில். தபால்காரர் போகாத ஊர் இல்லை என்பது விளம்பரத்துக்குச் சொல்வது இல்லை, இந்த இடத்தில் நிஜமாகவே வேலைக்கு ஆகும்.

எனவே ஆர்டர் வந்ததும் முதலில் பின்கோடைப் பாருங்கள். நகரம் என்றால் கூரியர், கிராமம் என்றால் தபால், வேறு மாநிலம் என்றால் இரண்டையும் ஒப்பிடுங்கள். எல்லா ஆர்டரையும் ஒரே இடத்தில் கொடுத்துவிடுவது வசதிதான், ஆனால் காசு அதில்தான் கசிகிறது.

ஷிப்ராக்கெட் மாதிரி ஆப் எடுக்கலாமா?

பல கூரியர் கம்பெனிகளின் விலையை ஒரே திரையில் காட்டி, நாம் தேர்ந்தெடுத்ததும் ஆள் வந்து எடுத்துப் போகும்படி ஏற்பாடு செய்யும் தளங்கள் இவை. சென்னை, கோவை மாதிரி ஊர்களில் இருப்பவருக்கு நன்றாக வேலை செய்யும். ஆண்டிமடம் மாதிரி ஊரில், உங்கள் பின்கோடில் பிக்கப் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். எட்டு கம்பெனி காட்டும் திரையில் உங்கள் ஊருக்கு இரண்டுதான் வரும் என்றால், மலிவு விலைக்குப் பெரிய போட்டி இருக்காது. இன்னொன்று, நீங்கள் 0.5 கிலோ என்று பதிவு செய்ததைக் கம்பெனி அளந்து 1 கிலோ என்று சொல்லி வாலட்டிலிருந்து பணத்தைக் கழித்துக்கொள்வது அடிக்கடி நடப்பது. தராசின் மேல் பார்சல் இருக்கும் போட்டோ, டேப் வைத்து அளந்த போட்டோ இரண்டும் கையில் இருந்தால்தான் அதை எதிர்த்து வாதாட முடியும்.

மீஷோவில் விற்பவர்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது. யார் எடுத்துப் போவது என்பதை அந்தத் தளமே முடிவு செய்கிறது.

கேஷ் ஆன் டெலிவரி: கணக்கு போட்டுப் பாருங்க

செலவைக் கூட்டுவதில் கட்டண உயர்வைவிடப் பெரிய வில்லன் ரிட்டர்ன். பணம் கொடுத்து வாங்காமல் ‘வந்ததும் தர்றேன்’ என்று ஆர்டர் போட்டவர், பொருள் வந்ததும் வேண்டாம் என்றால் அது உங்களிடமே திரும்பி வரும். போகும் செலவும் உங்களுடையது, பல கம்பெனிகளில் திரும்பி வரும் செலவும் உங்களுடையது.

உதாரணத்துக்கு, ஒரு பார்சலுக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 பார்சல் அனுப்புகிறீர்கள், 900 ரூபாய். அதில் 3 திரும்பி வருகிறது, அதற்கு இன்னொரு 270. மொத்தம் 1,170. உண்மையில் விற்றது 7 தான். ஒரு விற்பனைக்கு விழுந்த செலவு 167 ரூபாய். 90 ரூபாய் கூரியர் என்று நினைத்து விலை வைத்தவர் இந்த இடத்தில்தான் கவிழ்கிறார். இதில் கேஷ் ஆன் டெலிவரிக்கான தனிக் கட்டணத்தைச் சேர்க்கவே இல்லை. திரும்பி வந்த முந்திரி பாக்கெட் நொறுங்கியிருந்தால் அதுவும் நஷ்டம்.

யுபிஐ வந்த பிறகு முன்பணம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. முழுப் பணம் தர யோசிப்பவரிடம் டெலிவரி தொகையை மட்டுமாவது முன்னாடி வாங்கிக்கொண்டு மீதியைப் பொருள் வந்ததும் வாங்கலாம். 100 ரூபாய் கட்டியவர் பார்சலைத் திருப்பி அனுப்ப யோசிப்பார்.

‘ஃப்ரீ டெலிவரி’ என்று போடுவதிலும் கவனம் வேண்டும். விலையில் கூரியர் செலவை ஏற்றிவிட்டு ஃப்ரீ என்று போட்டால், ஜெயங்கொண்டத்தில் வாங்குபவர் டெல்லிக்காரரின் செலவையும் சேர்த்துக் கட்டுகிறார், பக்கத்துக் கடை விலையைப் பார்த்துவிட்டு உங்களை விட்டுவிடுவார். தமிழ்நாட்டுக்கு ஒரு தொகை, வெளி மாநிலத்துக்கு ஒரு தொகை, இரண்டு கிலோவுக்கு மேல் வாங்கினால் தமிழ்நாட்டுக்குள் ஃப்ரீ என்று வைப்பது நிறையப் பேருக்குச் சரிப்பட்டு வரும். கிலோ கூடக் கூட, ஒரு கிலோவுக்கான அனுப்பும் செலவு குறைவதுதான் காரணம்.

10 கிலோவுக்கு மேல் என்றால்

ஒரே ஆளுக்கு, கடைக்கு, கல்யாண வீட்டுக்கு என்று 10, 20 கிலோ போகிறதென்றால் கூரியர் பக்கமே போக வேண்டாம். ஆம்னி பஸ் பார்சல், லாரி பார்சல் சர்வீஸ் எல்லாம் இதற்குத்தான். இங்கே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. குடோனில் வந்து எடுத்துக்கொள்வதா, டோர் டெலிவரியா? பணம் இங்கேயே கட்டுவதா, அல்லது ‘டூ பே’, அதாவது வாங்குகிறவர் அங்கே கட்டுவதா? இரண்டையும் வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகமும் 2022 ஆகஸ்டில் தன் பேருந்துகளில் பார்சல் சேவையைத் தொடங்கியது. ஒரே ஊருக்குத் தொடர்ந்து சரக்கு அனுப்புபவர் திருச்சியில் விசாரித்துப் பார்க்கலாம். ஒரு பாக்கெட், இரண்டு பாக்கெட் அனுப்புகிறவருக்கு இது உதவாது.

புத்தகம் விற்பவர்களுக்குத் தனி வழி

புத்தகங்களைக் குறைந்த செலவில் அனுப்ப உதவிய பதிவு புத்தகத் தபால் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டபோது சிறு பதிப்பாளர்களும் பழைய புத்தகம் விற்பவர்களும் திண்டாடினார்கள். பிறகு 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், அதிகபட்சம் 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியில்தான் போகும், டிராக்கிங் உண்டு. பாடநூல், சமூகம், பண்பாடு, ஆன்மிகம் சார்ந்த அச்சிட்ட புத்தகமாக இருக்க வேண்டும். அச்சகத்தார் அல்லது பதிப்பாளர் பெயர் புத்தகத்தில் இருக்க வேண்டும். விளம்பரம் நிறைந்த வணிகப் பத்திரிகைகளுக்கு இடமில்லை. போட்டித் தேர்வு கைடு விற்கும் மாணவர்கள் இதை மறக்கக் கூடாது. ஸ்பீடு போஸ்ட்டில் 500 கிராம் ஆவணத்தைச் சென்னைக்கு அனுப்பும் காசில் இங்கே 3 கிலோ வரை அனுப்பலாம்.

மாணவர்கள் என்றதும் இன்னொன்று. ஸ்பீடு போஸ்ட் புதிய கட்டணத்தில் மாணவர்களுக்கு 10 சதவீதமும், புதிதாகச் சேரும் மொத்த வாடிக்கையாளர்களுக்கு 5 சதவீதமும் தள்ளுபடி உண்டு. மாதாமாதம் நல்ல எண்ணிக்கையில் அனுப்புகிறவர் தபால் துறையோடு மொத்த வாடிக்கையாளர் ஒப்பந்தம் போடுவது பற்றித் தலைமைத் தபால் நிலையத்தில் பேசிப் பார்க்கலாம். கேட்காமல் யாரும் தள்ளுபடி தர மாட்டார்கள்.

பார்சல் காணாமல் போனால்?

பேக் செய்வதை ஒரே ஷாட்டில் வீடியோ எடுத்து வையுங்கள். முகவரி ஒட்டியது, எடை, ஒட்டி முடித்த பெட்டி மூன்றும் அதில் தெரிய வேண்டும். ரசீதைப் போட்டோ எடுத்து அன்றே வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுங்கள், அந்தத் தாளில் உள்ள மை சில மாதத்தில் மறைந்துவிடும். ஸ்பீடு போஸ்ட் எண் 13 இலக்கம், ‘இ’ எழுத்தில் தொடங்கி ‘ஐஎன்’ என்று முடியும். ‘உங்கள் பார்சல் முகவரி தவறு, இந்த லிங்க்கில் பணம் கட்டுங்கள்’ என்று தபால் துறை பெயரில் வரும் எஸ்எம்எஸ் மோசடி என்பதையும் வாங்குபவரிடம் சொல்லி வைப்பது நல்லது.

புகாருக்கு, தபால் துறையின் கட்டணமில்லா எண் 1800 266 6868. தனியார் கூரியர் சேவையில் தீர்வு கிடைக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இரண்டிலும் முதலில் கேட்பது டிராக்கிங் எண்ணும் பதிவு செய்த தேதியும்தான்.